டேட்டாசெட் திறக்கவில்லையா? ஸோவி எக்ஸ்ப்ளோரரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

"எதுவும் வேலை செய்யலைங்க அக்கா" என்று யார் போன் செய்தாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எது வேலை செய்கிறது? டேட்டாசெட் மரம் (மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளின் பட்டியல்) திறக்கவில்லை, சரி. ஜாப் மரம் (அங்கே ஓட அனுப்பிய வேலைகளின் பட்டியல்) திறக்கிறதா? யூஎஸ்எஸ் மரம் (மெயின்ஃபிரேமின் யூனிக்ஸ் பக்கம்)? பிரவுசரில் இசட் ஓஎஸ்எம்எஃப் (எக்ஸ்ப்ளோரர் பேசும் மெயின்ஃபிரேம் சர்வர்) முகப்பு வருகிறதா? இந்த மூன்று பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நான் இருப்பது சேலம் அஸ்தம்பட்டியில், வீட்டு மாடி அறையில். வேலை பார்க்கும் மெயின்ஃபிரேம் கடல் தாண்டி இருக்கிறது. டீமில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் ஓமலூர், ஆத்தூர், சங்ககிரிப் பக்கம். ஒரு தம்பி ஏற்காட்டிலிருந்து வேலை பார்க்கிறான். இவர்கள் யாரும் பச்சைத் திரையில், அதாவது மெயின்ஃபிரேமின் பழைய எழுத்துத் திரையில், பழகியவர்கள் இல்லை. விஎஸ் கோடு எடிட்டரில், மெயின்ஃபிரேமை மரமாகக் காட்டும் ஸோவி எக்ஸ்ப்ளோரர் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டு நேராக உள்ளே வந்தவர்கள். அதில் தப்பில்லை, இப்போது நானும் நாளில் பாதி நேரம் அதில்தான் இருக்கிறேன். ஆனால் அது ஃபோல்டர் படம் போட்டுக் காட்டுவதால், பிள்ளைகள் உள்ளே இருப்பதும் லேப்டாப் ஃபோல்டர் மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி இந்த நம்பிக்கையால் வருபவை.

உள்ளே நடப்பது இதுதான். எக்ஸ்ப்ளோரர் நேராக டிஸ்க்கைத் தொடுவதில்லை. அது மெயின்ஃபிரேமில் ஓடும் இசட் ஓஎஸ்எம்எஃப் என்ற சர்வரிடம் கேட்கிறது. அந்த சர்வர் உங்கள் பெயரில் பின்னால் ஒரு டிஎஸ்ஓ அட்ரஸ் ஸ்பேஸை (மெயின்ஃபிரேமில் உங்களுக்கென ஒரு வேலை இடம்) திறந்து, டேட்டாசெட்டைப் படித்து, எப்சிடிக் எழுத்தை லேப்டாப்புக்குப் புரியும் எழுத்தாக மாற்றி அனுப்புகிறது. திரையில் இருப்பது நகல். சேமித்தால் அந்த நகல் வந்த வழியே திரும்பிப் போகிறது. ஆக, தப்பு ஐந்து இடத்தில் இருக்கலாம்: லேப்டாப், வழி, இசட் ஓஎஸ்எம்எஃப், அனுமதியைப் பார்க்கும் ராக்எஃப், கடைசியாக அந்த டேட்டாசெட்டே.

அறிகுறி: ப்ரொஃபைலே தெரியவில்லை

ப்ரொஃபைல் என்பது ஹோஸ்ட், போர்ட் எல்லாம் எழுதிய இணைப்பு விவரம். அது தெரியவில்லை என்றால் லேப்டாப் பக்கத் தப்பு. ஸோவி கான்ஃபிக் என்ற ஜேசான் கோப்பில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் போதும், மொத்த ப்ரொஃபைலும் காணாமல் போகும். விஎஸ் கோடிலேயே அந்தக் கோப்பைத் திறந்தால் சிவப்புக் கோடு இடத்தைக் காட்டிவிடும். கோப்பு சரியாக இருந்தும் பழைய போர்ட் எண்ணே வருகிறதா? ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இன்னொரு கான்ஃபிக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பொதுக் கோப்பில் இருப்பதை ப்ராஜெக்ட் கோப்பு மீறும், அதையும் யூசர் கோப்பு மீறும்.

அறிகுறி: இணைப்பே கிடைக்கவில்லை

செய்தியை முழுசாகப் படியுங்கள். "எர்ரர் வருது" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. பெயர் கிடைக்கவில்லை என்று சொன்னால் ஹோஸ்ட் பெயரில் எழுத்துப் பிழை, அல்லது விபிஎன் போடவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்றால் மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் ஆள் இல்லை. போர்ட் எண் தப்பு, அல்லது இசட் ஓஎஸ்எம்எஃப் இறங்கியிருக்கிறது. ஸோவி தானாக எடுத்துக்கொள்வது 443. உங்கள் இடத்தில் வேறு எண் வைத்திருக்கலாம், கேட்டுப் போடுங்கள். நேரம் முடிந்தது என்று சொன்னால் வழியில் எங்கேயோ சிக்கல்: விபிஎன் அறுந்திருக்கும், அல்லது ஃபயர்வால் பேசாமல் விழுங்கியிருக்கும்.

ஏற்காட்டுத் தம்பிக்கு இந்த மூன்றாவது வகைதான் அடிக்கடி. மழை பெய்தால் மலையில் கரண்டும் போகும், நெட்டும் போகும். ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, போன் நெட்டில் ஒரு ஜேசிஎல்லை (ஜாப் ஓட்டும் கட்டளைக் கோப்பு) சேமித்திருக்கிறான். அவனுக்கு நான் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்: சேமிக்கும்போது நேரம் முடிந்தது என்று வந்தால், போகவில்லை என்றும் எண்ணாதீர்கள், போனது என்றும் எண்ணாதீர்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் விழுந்திருக்கலாம். திரையில் இருப்பதை வேறொரு டேபில் ஒட்டிவைத்துவிட்டு, மெம்பர் (டேட்டாசெட்டுக்குள் இருக்கும் தனிக் கோப்பு) மேல் வலது கிளிக் செய்து 'புல் ஃப்ரம் மெயின்ஃபிரேம்' கொடுங்கள். அங்கே உண்மையில் என்ன இருக்கிறதோ அது வரும். அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று வந்தால், உங்கள் மெயின்ஃபிரேம் உள்ளூர்ச் சான்றிதழைக் காட்டுகிறது, லேப்டாப்புக்கு அதைத் தந்தவரைத் தெரியாது. 'ரிஜெக்ட் அன்ஆதரைஸ்டு' என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் உடனே வேலை செய்யும். பயிற்சி மெஷினில் நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உற்பத்தி மெஷினில் வேண்டாம். நடுவில் யார் நின்று உங்கள் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டாலும் எக்ஸ்ப்ளோரர் வாயைத் திறக்காது. நிர்வாகக் குழுவிடம் சிஏ சான்றிதழைக் கேட்டு வாங்கிப் போடுவதுதான் முறை.

அறிகுறி: பாஸ்வேர்டு சரி, ஆனாலும் உள்ளே விடவில்லை

இது பார்க்கச் சின்னது, ஆனால் வேலையை ஒரு நாள் நிறுத்தும்.

காலையில் பச்சைத் திரையில் உள்ளே போகிறீர்கள். பாஸ்வேர்டு காலாவதி, புதிதாக வையுங்கள் என்கிறது. வைக்கிறீர்கள். அப்புறம் விஎஸ் கோடைத் திறக்கிறீர்கள். அதற்கு நீங்கள் மாற்றியது தெரியாது. விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரிலோ மேக்கின் கீசெயினிலோ பத்திரப்படுத்திய பழைய பாஸ்வேர்டையே எடுத்து அனுப்புகிறது. 401 வருகிறது. நீங்கள் டேட்டாசெட் மரத்தைத் தட்டுகிறீர்கள், ஜாப் மரத்தைத் தட்டுகிறீர்கள், திரும்ப டேட்டாசெட். ஒவ்வொரு தட்டலும் ராக்எஃப் கணக்கில் ஒரு தப்பான முயற்சி. உங்கள் இடத்தில் வைத்திருக்கும் எண்ணிக்கையைத் தாண்டினால் ஐடியே முடக்கம். பச்சைத் திரையும் சேர்ந்து மூடிக்கொள்ளும். அதைத் திறக்க வேண்டியவருக்கு அங்கே நடுராத்திரி.

அதனால் முதல் 401 வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ப்ரொஃபைல் மேல் வலது கிளிக், 'மேனேஜ் ப்ரொஃபைல்', அதில் பாஸ்வேர்டைப் புதுப்பிக்கும் இடம் இருக்கிறது. புதியதைக் கொடுத்த பிறகுதான் மரத்தைத் தொட வேண்டும். மெயின்ஃபிரேமில் பாஸ்வேர்டு மாற்றும் நாளில் விஎஸ் கோடை மூடி வைத்துவிட்டு மாற்றுவது என் பழக்கம்.

லினக்ஸ் லேப்டாப்பில் ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்டால், சாவிகளைப் பூட்டிவைக்கும் கீரிங் சேவை ஓடவில்லை என்று பொருள். மெயின்ஃபிரேமைச் சந்தேகப்பட வேண்டாம்.

அறிகுறி: ஜாப் மரம் திறக்கிறது, டேட்டாசெட் மரம் திறக்கவில்லை

முதலில் கேட்ட கேள்வி பலன் தரும் இடம். ஜாப் வந்துவிட்டது என்றால் லேப்டாப், வழி, பாஸ்வேர்டு மூன்றும் சரி, அவற்றை விட்டுவிடலாம். டேட்டாசெட், யூஎஸ்எஸ் வேலைக்குத்தான் டிஎஸ்ஓ அட்ரஸ் ஸ்பேஸ் வேண்டும், ஜாப் பட்டியலுக்கு வேண்டாம். அந்தப் பக்கம் மட்டும் நொண்டினால் உங்கள் ஐடிக்கு டிஎஸ்ஓ இல்லை, அல்லது இசட் ஓஎஸ்எம்எஃப் பயன்படுத்தும் லாகான் ப்ரொசீஜருக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. அதன் வழக்கமான பெயர் ஐஇசட்யூஎஃப்ப்ராக். நிர்வாகக் குழுவுக்கு எழுதும்போது இந்தப் பெயரைப் போட்டு எழுதினால் பதில் சீக்கிரம் வரும். "ஸோவி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் விஎஸ் கோடை அழித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வார்கள். நீங்களும் போடுவீர்கள், ஒன்றும் மாறாது.

அறிகுறி: மரம் திறக்கிறது, உள்ளே காலி

தேடல் வடிவத்தைப் பாருங்கள். ஒற்றை நட்சத்திரம் ஒரு படிக்கு (பெயரில் இரண்டு புள்ளிக்கு நடுவில் உள்ள பகுதிக்கு) மட்டும். 'டிரெயின்.*.கோபோல்' என்று தேடினால் நடுவில் இரண்டு படி உள்ள 'டிரெயின்.சாகோ.டெஸ்ட்.கோபோல்' வராது. எத்தனை படி இருந்தாலும் வர வேண்டுமானால் இரட்டை நட்சத்திரம். (அந்த நிரல் மொழியின் பெயரைக் கோபோல் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. பேச்சில் சொல்வது போல எழுதினால் எங்கள் தெருக் கோடியில் மளிகைக் கடை வைத்திருக்கும் கோபால் அண்ணன் ஆகிவிடும்.)

கேட்டலாக் என்ற பெயர்ப் பதிவில் பதியாத டேட்டாசெட்டும் வராது, டிஸ்க்கில் இருந்தாலும் வராது. ஆனால் பெயர் வந்து, திறக்கும்போது அனுமதி இல்லை என்றால் அது ராக்எஃப். சிஸ்டம் லாகில் ஐசிஎச்408ஐ என்ற செய்தி விழுந்திருக்கும். யார், எந்த டேட்டாசெட், என்ன கேட்டார், என்ன அனுமதி இருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அதை எடுத்து அனுப்பினால் கேள்வியே வராது.

அறிகுறி: பெயர் தெரிகிறது, தட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது

ரொம்ப நாள் யாரும் தொடாத டேட்டாசெட்டை எச்எஸ்எம் என்ற சேமிப்பு நிர்வாக மென்பொருள் எடுத்து ஓரமாக வைத்துவிடும். பழைய பாத்திரத்தைப் பரணில் போடுவது மாதிரி. எக்ஸ்ப்ளோரரில் அதன் படமே வேறாக இருக்கும். வால்யூம் (டிஸ்க்கின் பெயர்) இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ராட்' என்று இருக்கும். வலது கிளிக் செய்து 'ரீகால்' கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். டிஸ்க்கில் இருந்தால் சீக்கிரம் வரும், டேப்பில் (காந்த நாடாவில்) இருந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். வரவில்லையே என்று திரும்பத் திரும்பத் தட்டினால் சீக்கிரம் வந்துவிடாது.

வேறொருவர் பயன்படுத்துகிறார் என்று செய்தி வந்தால் அது வேறு கதை. ஏதோ ஒரு ஜாப் அந்த டேட்டாசெட்டைத் தனக்கு மட்டும் என்று பிடித்திருக்கிறது, அல்லது யாரோ ஐஎஸ்பிஎஃப் எடிட்டில் (பச்சைத் திரையின் எடிட்டர்) திறந்து வைத்திருக்கிறார். ஐஎஸ்பிஎஃப்பில் அதே மெம்பரைத் திறக்கப் பார்த்து, மறுத்ததும் எஃப்1-ஐ இரண்டு தடவை அழுத்தினால் பிடித்திருப்பவரின் ஐடி தெரியும். ஆளைத் தேடி அலையும்முன் அந்த ஐடியை நன்றாகப் பாருங்கள். பல தடவை அது நம்முடையதாகவே இருக்கும். மத்தியானம் எமுலேட்டரில் (லேப்டாப்பில் பச்சைத் திரையைக் காட்டும் மென்பொருள்) திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்போம்.

அறிகுறி: சேமிக்கும்போது, ஒப்பிடவா, மேலே எழுதவா என்று கேட்கிறது

நீங்கள் திறந்தபோது இசட் ஓஎஸ்எம்எஃப் அந்த உள்ளடக்கத்துக்கு ஒரு முத்திரையும் சேர்த்து அனுப்பியது. சேமிக்கும்போது அந்த முத்திரையைத் திரும்பக் காட்டுகிறீர்கள். நடுவில் யாராவது மாற்றியிருந்தால் பொருந்தாது, அதனால் கேட்கிறது. ஐஎஸ்பிஎஃப் எடிட்டில் ஒருவர் திறந்தால் மற்றவருக்குக் கதவு அடைபடும். எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் அடைபடாது. இரண்டு பேர் ஒரே மெம்பரை ஒரு மணி நேரம் திறந்து வைத்துத் திருத்தலாம், சேமிக்கும் நொடியில்தான் மோதல் தெரியும்.

மேலே எழுது என்ற பட்டனை நான் ஒரு தடவை அவசரத்தில் அழுத்தியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூடப் பணிபுரியும் ஒருவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்திய ப்ராக் (பல ஜாப் பயன்படுத்தும் ஜேசிஎல் தொகுப்பு) போயே போச்சு. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இப்போது எப்போதும் ஒப்பிடு.

அறிகுறி: வரியின் வால் வெட்டுப்படுகிறது

80 பத்தி, அதாவது ஒரு வரியில் 80 எழுத்துக்கான இடம். இது 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையின் அகலம். அட்டை போய்விட்டது, அகலம் போகவில்லை. கோபோல், ஜேசிஎல் வைக்கும் டேட்டாசெட் பெரும்பாலும் 80 பைட் நீள ரெக்கார்டு. விஎஸ் கோடுக்கு இது தெரியாது, 200 எழுத்து அடித்தாலும் அழகாகக் காட்டும். சேமித்ததும் ரெக்கார்டு வெட்டுப்பட்டது என்று ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியை மூடிவிட்டுப் போகாதீர்கள். மெயின்ஃபிரேமிலிருந்து திரும்ப இழுத்து, அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள்.

இதைவிட மோசம் 72. கோபோல் நிரல் 72-ஆம் பத்தியோடு முடிகிறது. 73 முதல் 80 வரை பழைய காலத்து வரிசை எண்ணுக்கான இடம், கம்பைலர் அதைப் பார்க்காது. உங்கள் வரியின் கடைசி முற்றுப்புள்ளி 73-இல் விழுந்தால் வெட்டும் இல்லை, செய்தியும் இல்லை. திரையில் புள்ளி இருக்கிறது, கம்பைலருக்கு இல்லை. ஒரு பெண் இரண்டு மணி நேரம் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே, "புள்ளி இருக்குதுங்க அக்கா, நல்லாத் தெரியுது" என்றாள். தெரியத்தான் செய்தது.

விஎஸ் கோடு அமைப்பில் 'எடிட்டர் ரூலர்ஸ்' என்று தேடி 72, 80 இரண்டையும் போட்டுவிடுங்கள், நெடுக்கில் மெல்லிய கோடு வரும். டேப் அழுத்தினால் இடைவெளி விழும்படியும் மாற்றிவிடுங்கள். டேப் எழுத்து அப்படியே மெயின்ஃபிரேமுக்குப் போனால் பத்திக் கணக்கு எல்லாம் கோணல்.

அறிகுறி: சதுர அடைப்புக்குறி இருந்த இடத்தில் வேற்று எழுத்து

தலையில் சாய்ந்த கோடு போட்ட ஒரு ஆங்கில ஒய், அதற்குத் துணையாக அந்தரத்தில் இரண்டு புள்ளி. இந்த ஜோடியைப் பார்த்தால் நேராகக் கோட் பேஜுக்கு (எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணை) போகலாம். எப்சிடிக் ஒன்று இல்லை, பல. இசட் ஓஎஸ்எம்எஃப் வழக்கமாக எடுத்துக்கொள்வது 1047. பல எமுலேட்டர்கள் 037-இல் இருக்கும். எழுத்து, எண் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். திறக்கும் சதுர அடைப்புக்குறியின் ஹெக்ஸ் குறியீடு 1047-இல் ஏடி, 037-இல் பிஏ. மூடுவது பிடி, பிபி. எமுலேட்டரில் 037-இல் அடித்த அடைப்புக்குறியை 1047 என்று எண்ணிப் படித்தால் அந்த ஒய்யும் புள்ளியும் வரும்.

மெம்பர் மேல் வலது கிளிக், 'ஓப்பன் வித் என்கோடிங்', ஐபிஎம்-037 என்று கொடுத்துத் திறந்து பாருங்கள். சரியாக வந்தால் ப்ரொஃபைலில் என்கோடிங் என்ற இடத்தில் அதையே எழுதிவைக்கலாம். ஒய்யை அழித்துவிட்டு அடைப்புக்குறியை அடித்துச் சேமிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் திரையில் சரியாகும், எமுலேட்டரில் பார்ப்பவருக்கு அதே ஒய் வரும். அவர் அதைத் திருத்துவார். இப்படியே ஒரு வாரம் ஓடும்.

யூஎஸ்எஸ் கோப்பு முழுசுமே குப்பையாகத் தெரிந்தால், அந்தக் கோப்பு ஆஸ்கியில் (லேப்டாப் பக்க எழுத்துக் குறியீடு) இருக்கிறது, ஆனால் ஆஸ்கி என்று அடையாளம் ஒட்டவில்லை. சிஎச்டேக் கட்டளையில் ஒட்டிவிட்டால் தீரும்.

அறிகுறி: பத்து ரெக்கார்டு பதினொன்று ஆகிவிட்டது

எல்லாவற்றிலும் எனக்குப் பயம் இதுதான். மற்றதெல்லாம் வேலையை நிறுத்தும், இது தரவைத் தின்னும்.

பயிற்சிக்காக ஒரு சின்னக் கோப்பு செய்திருந்தேன். நம்ம ஊர்ச் சரக்காக இருக்கட்டும் என்று ஜவ்வரிசி மூட்டைக் கணக்கு. ஒரு ரெக்கார்டு 80 பைட். வியாபாரி எண், பெயர், அப்புறம் மூட்டை எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு ஐந்து இலக்க காம்ப்-3, அதாவது மூன்று பைட். பிள்ளைகளில் ஒருவன் அதை எக்ஸ்ப்ளோரரில் திறந்து, ஒரு பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்தான். அவ்வளவுதான் செய்தது. அடுத்து ஓடிய ஜாப் எஸ்0சி7 (எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை) என்று விழுந்தது.

"பத்து ரெக்கார்டுதான் இருந்துச்சுங்க அக்கா, இப்பப் பதினொண்ணு இருக்குது. நான் எதையும் சேர்க்கலைங்க."

அவன் சேர்க்கவில்லை, உண்மை. நடந்ததைப் பைட் பைட்டாகப் பார்ப்போம். காம்ப்-3-இல் ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம், கடைசி அரைப் பைட் கூட்டல் கழித்தல் குறி. ஒரு வியாபாரிக்கு 157 மூட்டை. ஐந்து இலக்கமாக 00157, பின்னால் கூட்டலுக்கு சி. மூன்று பைட்டில் வைத்தால் 00, 15, 7சி. நடுவில் நிற்கும் 15-ஐப் பாருங்கள். எப்சிடிக்கில் 15 என்ற பைட் புது வரிக் குறி. உரையாகப் படிக்கும் இசட் ஓஎஸ்எம்எஃப்புக்கு அது மூட்டை என்று எப்படித் தெரியும்? வரி முடிந்தது என்று உடைத்து அனுப்பிவிட்டது. திரையில் அந்த வியாபாரியின் வரி இரண்டாக நின்றது. குப்பை எழுத்துக்கு நடுவில் அவன் அதைக் கவனிக்கவில்லை. சேமித்ததும் இரண்டு வரியும் இரண்டு ரெக்கார்டாகத் திரும்பிப் போனது. முதல் ரெக்கார்டில் மிச்சம் இருந்த இடத்தை இடைவெளியால், எப்சிடிக்கில் 40, நிரப்பிவிட்டது. இப்போது மூட்டை எண்ணிக்கை 00, 40, 40. கடைசி அரைப் பைட் 0, அது குறியே இல்லை. கூட்டப் போன கோபோல் அங்கே விழுந்தது.

150 முதல் 159 வரை எந்த எண்ணிக்கைக்கும் இதே கதி. 15000 முதல் 15999 வரையும்தான், முதல் பைட்டே 15. மற்ற எண்களுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், அதுதான் இதில் ஆபத்து. நூறு தடவை தப்பித்தவர் நூற்றி ஒன்றாவது தடவையும் திறப்பார்.

தீர்வு: சேமித்தாகிவிட்டது என்றால் கையால் ஒட்டுப்போட வேண்டாம். பேக்அப்பையோ கோப்பின் முந்தைய பதிப்பையோ எடுத்து வையுங்கள். சேமிக்கும்முன் பார்த்துவிட்டீர்கள் என்றால் சேமிக்காமல் டேபை மூடுங்கள், அங்கே ஒன்றும் மாறியிருக்காது. பார்ப்பதற்கு மட்டும் என்றால் ஐஎஸ்பிஎஃப் பிரவுசில் ஹெக்ஸ் ஆன் போட்டுப் பாருங்கள். திருத்தியே ஆக வேண்டும் என்றால் காப்பிபுக்கை (ரெக்கார்டின் ஃபீல்டு அமைப்பை எழுதிய கோப்பு) படித்து ஃபீல்டு ஃபீல்டாகக் காட்டும் கருவி உங்கள் இடத்தில் ஒன்று இருக்கும், அதில் செய்யுங்கள். காப்பிபுக்கில் காம்ப் என்ற சொல்லைப் பார்த்தால் அந்தக் கோப்பு எக்ஸ்ப்ளோரரில் உரையாகத் திறக்கும் கோப்பு கிடையாது.

அறிகுறி: இடமில்லை என்கிறது, ஆனால் உள்ளே இருப்பது கொஞ்சம்

இ37, டி37, பி37 இவற்றில் ஒன்று வரும். பழைய வகைப் பிடிஎஸ்ஸில் (மெம்பர்களை வைக்கும் டேட்டாசெட்) ஒரு மெம்பரைச் சேமித்தால் பழையதன் மேல் எழுதாது. புதிதாகக் கடைசியில் எழுதும், பழையது செத்த இடமாகக் கிடக்கும். கம்ப்ரெஸ் செய்யும்வரை அந்த இடம் திரும்பாது. பச்சைத் திரைக்காரர்கள் ஒரு மெம்பரை நாளைக்கு நாலைந்து தடவை சேமித்தார்கள். இப்போது பிள்ளைகள் இரண்டு வரிக்கு ஒரு கன்ட்ரோல் எஸ். அதிலும் விஎஸ் கோடில் ஆட்டோ சேவ் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொரு சேமிப்பும் மெயின்ஃபிரேமில் ஒரு புது நகல். எங்கள் பயிற்சி லைப்ரரி ஒரு மத்தியானத்தில் நிரம்பியது இப்படித்தான். ஆட்டோ சேவை அணையுங்கள். ஐஎஸ்பிஎஃப் 3.4 பட்டியலில் பெயருக்கு முன்னால் இசட் போட்டால் கம்ப்ரெஸ் ஆகும், அந்த நேரத்தில் வேறு யாரும் அதைத் திறந்திருக்கக் கூடாது. அடுத்த தடவை புதிதாக உருவாக்கும்போது பிடிஎஸ்இ (அதன் புது வகை) ஆக உருவாக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. பி14 என்று வந்தால் இடம் இருக்கிறது, டைரக்டரிதான் நிறைந்துவிட்டது. அதற்குக் கம்ப்ரெஸ் உதவாது, டைரக்டரி பிளாக் அதிகமாக வைத்துப் புதிதாக ஒன்று உருவாக்கி நகலெடுக்க வேண்டும்.

லேப்டாப்பிலிருந்து ஏற்றிய கோப்பு வேறு பெயரில் நிற்கிறதா, அல்லது ஏறவே மறுக்கிறதா? மெம்பர் பெயர் எட்டு எழுத்துக்குள், எண்ணில் தொடங்காமல், நடுவில் சிறு கோடு இல்லாமல் இருக்க வேண்டும். பெயரை மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

அறிகுறி: ஜாப் அனுப்பினேன், மரத்தில் இல்லை

ஓனர் உங்கள் ஐடி என்றும், முன்னொட்டு நட்சத்திரம் என்றும் மரம் எடுத்துக்கொண்டிருக்கும். ஜேசிஎல்லில் வேறு யூசர் போட்டிருந்தால் ஓனர் வேறு, அங்கே தேடினால் கிடைக்காது. அனுப்பியதும் கீழே வந்த ஜாப் எண்ணை வைத்துத் தேடுங்கள். எண்ணை வைத்தும் கிடைக்கவில்லை என்றால் ஓடி முடிந்து அவுட்புட்டை அழித்திருப்பார்கள், ஜேசிஎல்லில் எம்எஸ்ஜிகிளாஸ் (அவுட்புட் எங்கே போக வேண்டும் என்பது) என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

இதில் எதிலும் அடங்கவில்லை என்றால் விஎஸ் கோடின் அவுட்புட் பகுதியில் ஸோவி எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருக்கும் முழுச் செய்தியை எழுத்தாக நகலெடுத்து அனுப்புங்கள். மானிட்டரைப் போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சம்தான் நடுவில் தெரிகிறது, எர்ரர் எண் தெரிவதில்லை.